மைன்ஸில் விழுந்துவிட்டாள்

கல்லூரி விளையாட்டு விழா மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். நான் அங்கே படித்தவள், இதே ஊரில் பள்ளி ஆசிரியை, மகளும் இப்போது அங்கேதான் படிக்கிறாள். வேறு யாரும் கிடைக்காமல் என்னைப் பிடித்திருக்கலாம். கல்லூரியின் வரலாறு, விளையாட்டு இரண்டையும் சேர்த்து நான்கு பக்கத்துக்குள் எழுத வேண்டும். சரி என்றேன். அதை எழுதிக்கொண்டிருந்த நாட்களில்தான் மகள் விழுந்தாள். மலருக்குக் கொடுத்த கட்டுரையில் அந்த விஷயம் ஒரு வரிகூட இல்லை. அவள் இனிமேல் ஓடலாமா கூடாதா என்பதே வீட்டில் பேச்சாக இருந்த நேரம். கூடாது என்று நின்றவள் நான். மைதானத்தைப் புகழ்ந்து எழுதிவிட்டு எழுந்துபோய் அவளுடைய ஷூவை எடுத்துப் பீரோவுக்கு மேலே வைத்தேன்.

கல்லூரியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவள் எங்கே விழுந்தாள் என்பது புரியாது.

சின்ன அரசுக் கல்லூரி. நான் சேர்ந்தபோது அதற்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. நிலக்கரிச் சுரங்கத்தின் டவுன்ஷிப்பில் ஆள் குடியில்லாமல் கிடந்த ஒரு வரிசை குவார்ட்டர்ஸில் நடந்தது. எல்லா வீடும் ஒரே அச்சு. இரண்டு வீட்டின் நடுச்சுவரை இடித்தால் ஒரு வகுப்பறை. கூடத்தில் பொருளாதாரம், படுக்கையறையில் கணிதம். சமையலறையில் குழாயும் தொட்டியும் இருந்ததால் வேதியியல் ஆய்வகம் அங்கே. வரலாறு படிக்கிற பையன்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "இன்னைக்கு என்ன சமையல்?" என்று கேட்பார்கள். "ஆசிட்டு, ஒரு கரண்டி ஊத்தட்டுமா?" என்று உள்ளிருந்து பதில் வரும். குளியலறைகளில் ஒன்றை நூலகத்தின் பழைய நாளிதழ்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். இதெல்லாம் அப்போது எங்களுக்கு வினோதமாகத் தோன்றவில்லை. நாங்கள் எல்லோரும் அதே மாதிரி வீடுகளிலிருந்து வந்தவர்கள்தான். எந்த அறை எங்கே இருக்கும் என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மைதானம் கிடையாது. விளையாட்டு விழா சாலையில் நடக்கும். எங்கள் ஊர்ச் சாலைகள் அகலமானவை, இரண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரம். காலையிலேயே தார்ச்சாலையில் சுண்ணாம்பால் கோடு போடுவார்கள். குடியிருப்புக்காரர்கள் காம்பவுண்டுச் சுவரில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். மதிய ஷிஃப்ட் பஸ்கள் வருவதற்குள் ஓட்டங்கள் முடிந்தாக வேண்டும். ஒருமுறை ஆண்கள் நானூறு மீட்டர் ஓடிக்கொண்டிருந்தபோது பஸ் வந்துவிட்டது. ஓட்டுநர் ஹாரன் அடிக்காமல் அவர்கள் பின்னாலேயே மெதுவாக ஓட்டி வந்தார். பஸ்ஸுக்குள் இருந்த தொழிலாளர்கள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, கடைசியாக ஓடியவனை, "ஏறிக்கடா, ஏறிக்கடா" என்று கூப்பிட்டார்கள். நீளம் தாண்டுவதற்கு, பக்கத்தில் பழுதுபார்க்கும் வேலைக்காகக் கொட்டியிருந்த மணல். ஒரு வருடம் விழாவுக்கு முதல் நாள் கொத்தனார்கள் அதை வாரிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த வருடம் நீளம் தாண்டுதல் இல்லை.

பெண்களுக்கு மியூசிக்கல் சேர், எலுமிச்சம்பழமும் கரண்டியும். இரண்டிலும் நான் கலந்துகொண்டேன், இரண்டிலும் சீக்கிரமே வெளியேறினேன். எனக்கு மூத்த ஒருத்தி மட்டும் நீண்ட ஓட்டத்தில் பெயர் கொடுத்தாள். பெண்களில் வேறு ஆள் இல்லாததால் பையன்களோடு ஓடவிட்டார்கள். சுடிதார் துப்பட்டாவைக் குறுக்கே இழுத்து இடுப்பில் முடிந்துகொண்டு ஓடி, கடைசியாக வந்தாள். ஆனால் முடித்தாள். பாதி பையன்கள் நடுவிலேயே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். கல்லூரியின் பெண்கள் தடகளம் அங்கே தொடங்கியது என்று மலரில் எழுதினேன்.

நான் படித்து முடித்துப் பல வருடம் கழித்து, டவுன்ஷிப் முடிந்து கம்மாபுரம் பக்கம் திரும்புகிற இடத்தில், முந்திரிக் காடாக இருந்த நிலத்தில் கட்டடம் எழும்பியது. இடம் ஒரு பக்கம் சரிவு. பழுப்பு நிலக்கரிக்கு மேலே இருந்து வெட்டியெடுக்கிற மண்ணைக் கொண்டுவந்து கொட்டி மேடாக்கினார்கள். லாரிகள் கொஞ்ச காலம் வந்தன, பிறகு நின்றுவிட்டன. ஒதுக்கிய வேலை அவ்வளவுதானாம். ஆக மைதானத்தின் மூன்று பக்கம் சமமாகவும் வடக்கு மூலை பள்ளமாகவும் நின்றுபோனது. அதற்கு மேலேயே ஓடுதளத்தைப் போட்டார்கள். ஒவ்வொரு சுற்றிலும் அந்த வளைவில் இறங்கி ஏற வேண்டும். வராந்தாவில் நின்று பார்த்தால், ஓடுகிறவர்களின் தலை மட்டும் நகர்ந்து போவது தெரியும். இந்தக் கல்லூரியில் நூறு மீட்டரில் பெயர் வாங்கியவர் யாரும் இல்லை. முதல்வர் அறை அலமாரியில் இருக்கும் கோப்பைகள் பெரும்பாலும் நீண்ட ஓட்டத்துக்கு வாங்கியவை. அந்தப் பள்ளம்தான் காரணம் என்று ஊரில் சொல்வார்கள். அதையும் எழுதினேன்.

இவ்வளவு எழுதியவளுக்கு ஒரு சொல் தெரிந்திருக்கவில்லை.

அன்று மதியம் எட்டாம் வகுப்பில் இருந்தேன். கைப்பையில் போன் அதிர்ந்தது. வகுப்பில் எடுப்பதில்லை. நின்றது, மறுபடியும் அதிர்ந்தது. வராந்தாவுக்கு வந்து எடுத்தேன். தெரியாத எண், மூச்சு வாங்கும் ஒரு பெண் குரல்.

"ஆண்ட்டி, நான் உங்க பொண்ணோட ஃப்ரெண்டு பேசறேங்க. அவ மைன்ஸ்ல வுழுந்துட்டா ஆண்ட்டி. எழுந்திரிக்க முடியாம ஒக்காந்துகினு இருக்கா. மேடம் தூக்கியாறாங்க. நீங்க சீக்கிரம் வாங்க."

போன் வைக்கப்பட்டுவிட்டது. உட்கார்ந்திருக்கிறாள், தூக்கி வருகிறார்கள் என்று அந்தப் பெண் தெளிவாகத்தான் சொன்னாள். அதெல்லாம் எனக்குப் பிறகு நினைவுக்கு வந்தது. அப்போது காதில் நின்றது மைன்ஸில் விழுந்துவிட்டாள் என்பது மட்டும்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டம். வேறு ஊரில் ஆபீஸ் என்று சொல்வதைப்போல எங்கள் ஊரில், ஒன்று, இரண்டு என்று எண்ணிட்ட திறந்தவெளிச் சுரங்கங்களை மைன்ஸ் என்போம். 'அவர் மைன்ஸ்ல இருக்கார்', 'மைன்ஸுக்குக் கிளம்பிட்டார்' என்று நாளெல்லாம் புழங்குகிற சொல். ஆனால் அதே சொல் தொலைபேசியில், தெரியாத குரலில் வந்தால் எங்கள் வீட்டுப் பெண்கள் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடுவார்கள். என் அப்பா அங்கே வேலை பார்த்தார். என் கணவர் அங்கே கன்வேயர் பராமரிப்பில் இருக்கிறார். அப்படி ஒரு அழைப்பு அப்பாவுக்காக வரும் என்று அம்மாவும், கணவருக்காக வரும் என்று நானும் உள்ளுக்குள் காத்திருந்த காலம் உண்டு. மகளுக்காக வரும் என்று நினைத்ததில்லை. பல்கலைக்கழகப் போட்டிக்காகச் சாலையிலும் ஓட வைக்கிறார்கள் என்று அவள் சொல்லியிருந்தாள். விளிம்புப் பக்கம் போயிருப்பாள், மண் சரிந்திருக்கும். என் மனம் அவ்வளவையும் தானே இட்டு நிரப்பிக்கொண்டது.

வந்த எண்ணைக் கூப்பிட்டேன். வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார் என்றது. கணவரைக் கூப்பிட்டேன். வேலை நேரத்தில் அவர் போன் பெட்டியில் இருக்கும், எடுக்க மாட்டார். பக்கத்து வகுப்பு ஆசிரியையிடம் ஏதோ சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். கல்லூரிப் பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேராகச் சுரங்க நுழைவாயிலுக்குப் போனேன்.

அங்கே நின்ற காவலர் வட நாட்டுக்காரர். "பாஸ் மேடம்?" என்றார்.

"என் பொண்ணு உள்ள விழுந்துட்டா."

"லேடீஸ் வொர்க்கரா?"

"இல்லைங்க, காலேஜ்ல படிக்கிறா."

"காலேஜ் பொண்ணு உள்ள எப்படி போகும் மேடம்? பாஸ் இல்லாம பூனைகூட போகாது."

"விழுந்துட்டான்னு போன் வந்துச்சுங்க. எங்க வீட்டுக்காரர் உள்ளதான் இருக்கார். அவர்கிட்டயாவது சொல்லுங்க."

நான் பேசிய விதத்தில் அவர் முகம் மாறிவிட்டது. நாற்காலியை இழுத்துப்போட்டு என்னை உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை. உள்ளே போன் செய்தார். ஷிஃப்ட்டுக்குக் காத்திருந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் சுற்றிலும் கூடிவிட்டார்கள். யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள்.

"காலேஜ் புள்ளையாம்."

"ஐயோ, எந்தப் பக்கமா போச்சோ."

உள்ளே அந்தச் செய்தி எப்படிப் பரவியதோ, கொஞ்ச நேரத்தில் ஒரு ஜீப் வந்து நின்றது. அது நிற்பதற்குள் கணவர் குதித்தார். ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை. முகம் முழுக்கத் தூசி, கண் மட்டும் தெரிந்தது. வந்ததும் என்னை உலுக்கினார்.

"எந்த மைன்ஸ்? ஒண்ணா ரெண்டா?"

அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

"கேக்கறேன்ல. எந்த மைன்ஸுன்னு சொன்னாங்க?"

கையில் இருந்த போன் அடித்தது. மகளின் எண். எடுத்தேன்.

"அம்மா, எங்கம்மா இருக்க? எவ்ளோ நேரமா உக்காந்திருக்கேன். வச்ச ஐஸே கரைஞ்சு போச்சு."

"நீ எங்க இருக்க?"

"காலேஜ்லதான். ஏன், அவ உனக்குச் சொல்லலையா?"

"மைன்ஸ்ல விழுந்துட்டன்னு சொன்னா."

"ஆமா. மைன்ஸ்லதான் விழுந்தேன்." சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். "ஐயோ அம்மா. கிரவுண்டு மைன்ஸும்மா. அந்த வளைவு. நீ இப்ப எங்க இருக்க? அம்மா?"

போனைக் கணவரிடம் கொடுத்தேன். அவர் காதில் வைத்துக் கேட்டார். "சரி" என்றார். மறுபடி "சரி" என்றார். பிறகு காவலர் இழுத்துப்போட்ட நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். காவலருக்கு யாரோ இந்தியில் விளக்கினார்கள். அவர் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் எங்களைப் பார்த்தார். கூட்டத்தில் இருந்த ஒரு பெரியவர்தான், "நல்லதாப் போச்சு விடும்மா. போயி கொழந்தையப் பாரு" என்றார்.

கல்லூரி வராந்தாவில் மகள் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கணுக்கால் வீங்கியிருந்தது. போன் செய்த பெண் பக்கத்தில் நின்றாள். முதல் வருடம் படிக்கிறவள், ஊர் வளையமாதேவி. நான் மகளைக் கட்டிக்கொள்ளவில்லை. திட்டத் தொடங்கினேன்.

"பேர் வைக்க உங்களுக்கு வேற பேரே கிடைக்கலையா?"

"நான் வைக்கலம்மா. நான் சேர்றதுக்கு முன்னாடியே அதுக்கு அதான் பேரு."

அவளும் தோழியும் மாற்றி மாற்றிச் சொன்னதில் தெரிந்துகொண்டேன். ஓட்டம் தொடங்கும் கோடு கேட். பள்ளமான வளைவு மைன்ஸ். அதிலிருந்து ஏறும் இடம், சுரங்கத்தில் லாரி ஏறும் சரிவைப்போல, ராம்ப். அணியில் எப்போதும் இடம் உள்ளவர்கள் பர்மனென்ட், மாற்று ஆட்கள் கான்ட்ராக்ட்.

"நானு கான்ட்ராக்ட்டு ஆண்ட்டி. இவ பர்மனென்ட்டு" என்றாள் அந்தப் பெண், என்னைச் சமாதானப்படுத்துகிறவள்போல.

யார் முதலில் வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு செட்டும் அடுத்த செட்டுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. நான் படித்தபோது மைதானமே இல்லை என்பதால் என் காதுக்கு அது வரவே இல்லை.

எலும்புக்கு ஒன்றுமில்லை, தசைநார்ச் சுளுக்கு என்றார் மருத்துவர். கட்டுப் போட்டார். வீக்கம் வடிந்ததும் மெதுவாக நடக்கட்டும், வலி இல்லையென்றால் ஓடட்டும் என்றார். பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளுக்கிடையிலான போட்டிக்கு ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. ஐயாயிரம் மீட்டரில் அவள் ஓடுவதாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும், இனிமேல் ஓட்டம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முதல் அதிர்ச்சியில் பேசுகிறேன், நாலு நாளில் சரியாகிவிடும் என்று அப்பாவும் மகளும் நினைத்திருப்பார்கள். சரியாகவில்லை. வீட்டில் குக்கர் விசில் அடித்தால்கூட உடம்பு தூக்கிப்போட்டது. வகுப்பில் போனை மேசைமேல் எனக்கு எதிரிலேயே வைத்துக்கொண்டேன். பக்கத்து குவார்ட்டர்ஸில் இருக்கும் ஜவுளிக்கடைக்காரர் மனைவி என்னிடம் மிகப் பிரியமாக இருப்பவர். அவரே, "என்ன டீச்சர், பொண்ணு இன்னைக்கி எந்த மைன்ஸ்ல டூட்டி?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும், "அல்லா, சும்மா கேட்டேன் டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். கதை பிளாக் முழுக்கப் பரவியிருந்தது. கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பதற்குரிய கதைதான். நானும் சிரித்துச் சொல்லிப் பார்த்தேன். 'எந்த மைன்ஸ்? ஒண்ணா ரெண்டா?' என்ற இடம் வந்ததும் என்னால் மேலே சொல்ல முடியவில்லை.

கட்டு அவிழ்த்த பிறகு மகள் வீட்டு வாசலில் குதித்துக் காட்டினாள். "பார்த்துக்கோ. ஒண்ணுமில்லை."

"ஓடறது வேணாம்."

"டாக்டரே ஓடலாம்னுட்டார்."

"நான் வேணாங்கறேன்."

"கால் எனக்குச் சரியாயிடுச்சும்மா. உனக்குத்தான் சரியாகலை."

கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மேல்பட்டாம்பாக்கத்துக்காரர், எந்தப் பேச்சையும் கேலியில் முடிக்கிற பழக்கம். "நான் தெனம் மைன்ஸுக்குப் போறேன். டிபன் கட்டிக் குடுத்து அனுப்பற. அவ ஒரு பள்ளத்துல எறங்கி ஏறுனா உனக்கு ஆவல. என்னா டீச்சரம்மா நாயம் இது?"

"உங்களுக்குச் சிரிப்பா இருக்கு."

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். பிறகு, "ஜீப்புல வர வழியெல்லாம் ரெண்டு பக்கமும் சரிவப் பாத்துகினே வந்தேன்" என்றார். "எங்கனா அந்தப் புள்ள சட்டை தெரியுதான்னு. அன்னைக்கு அவ என்னா கலரு போட்டுகினு போனான்னுகூட எனக்கு ஞாபகம் வரல." கை கழுவ எழுந்துபோனார். அங்கிருந்து, "எனக்குந்தான் பயம். அதுக்காவ அவள வூட்ல கட்டிப்போட முடியுமா?" என்றார்.

அதற்கும் நான் இளகவில்லை. சொல்லப்போனால் இன்னும் பயந்தேன். எதற்கும் கலங்காத மனிதருக்கே அப்படியென்றால், என் பயத்தில் அர்த்தம் இருக்கிறது என்றுதான் தோன்றியது. மகள் அதற்குப் பிறகு கேட்கவில்லை. காலையில் சீக்கிரமே கிளம்பிப் போனாள். படிக்கப் போவதாகச் சொன்னாள். ஷூ பீரோவின் மேல் இல்லை என்பதை ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தேன்.

எனக்குத் தெரியாமல் ஓடுகிறாள் என்று முடிவுகட்டினேன். பயிற்சி கொடுக்கும் பி.டி. மேடத்தைப் பார்த்து, இவளை அணியிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று நேராகவே சொல்லிவிடலாம் என்று மறுநாள் காலை பள்ளிக்குப் போகும் வழியில் கல்லூரிக்குப் போனேன்.

பெண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மகள் இல்லை. அவள் வராந்தாப் படியில் உட்கார்ந்திருந்தாள். ஷூ மடியில் இருந்தது, செருப்புதான் போட்டிருந்தாள். வளையமாதேவிப் பெண் சுற்றி வரும்போதெல்லாம், "கையத் தொங்க விடாத", "ராம்ப்ல குனியாத" என்று மகள் கத்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"ஓடலைம்மா. சும்மா உக்காந்திருக்கேன்."

"ஷூ எதுக்கு?"

"தெரியல. வச்சிருக்கேன்."

பி.டி. மேடம் கழுத்தில் விசிலோடு வந்தார். மகளைவிடப் பத்து வயதுதான் பெரியவராக இருப்பார். தற்காலிகப் பணியில் இருப்பவர். வணக்கம் சொல்லிவிட்டு என்ன விஷயம் என்பதுபோலப் பார்த்தார். நான் தொடங்குவதற்குள் அவரே பேசிவிட்டார்.

"மேடம், உங்க முடிவு எதுவா இருந்தாலும் இன்னைக்கே சொல்லிடுங்க. ஒரு காலேஜுக்கு ரெண்டு பேர். இவ வரலைன்னா அந்தப் பொண்ணைத் தனியா இறக்கணும். அவளுக்கு வேகம் இருக்கு, தனியா ஓடினா ரெண்டு கிலோமீட்டர்லயே தீர்த்துடுவா. இவ கூட ஓடினா அடங்கி ஓடுவா. நான் கெஞ்ச வரலை மேடம். எனக்கு ஆள் தெரியணும்."

அந்தப் பெண் சுற்றை முடித்து, வெறுங்காலோடு மூச்சு வாங்கிக்கொண்டு எங்களிடம் வந்தாள். அன்றைக்குப் பிறகு அவள் என்னை இப்போதுதான் பார்க்கிறாள்.

"ஆண்ட்டி, நான் கிரவுண்டு மைன்ஸுன்னு சொல்லியிருக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க. வூட்ல நான் அந்தப் பேர சொல்லவே மாட்டேங்க. எங்க நெலம் மைன்ஸுக்குத்தான் போச்சி. சொன்னா எங்கப்பா பாதி சோத்துல எழுந்து போயிடுவாரு. வூட்ல வடக்கு மூலைன்னுதான் சொல்லுவேன். அன்னைக்குப் பதட்டத்துல வந்துடிச்சி."

"பரவாயில்லம்மா" என்றேன். வீட்டில் ஒரு பெயர், மைதானத்தில் ஒரு பெயர் என்று மாற்றிப் பேசிக்கொண்டு, விடிவதற்குள் பஸ் பிடித்து வந்து அதே பள்ளத்தில் இறங்கி ஏறுகிறாள். அவள் காலைப் பார்த்தேன். புழுதி முட்டிவரை இருந்தது.

பி.டி. மேடம் இன்னும் என் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார். வேண்டாம் என்ற சொல்லைத் தயாராக வைத்திருந்தேன். மகள் என் முகத்தைப் பார்க்காமல் ஷூவின் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பொய் சொல்லி ஓடியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். ஓடாமல் உட்கார்ந்திருப்பவளிடம் என்ன சண்டை போடுவது?

"இன்னைக்கு ஓடட்டும். நான் நின்னு பார்க்கறேன்" என்றேன்.

"எங்க நிப்ப?" என்றாள் மகள்.

"அங்கதான்."

"அங்க வேணாம்மா."

நான் வடக்கு மூலைக்கு நடந்தேன். செருப்புக்குள் மண் ஏறியது. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கினேன். கீழே நின்றபோது கல்லூரியின் மேல்மாடி மட்டும் தெரிந்தது. அவ்வளவு பெரிய பள்ளமில்லை. மழைத்தண்ணீர் நின்று காய்ந்த வெடிப்புகள், ஒரு ஓரத்தில் கோரைப்புல். இதற்கா என்று நினைத்தேன். அப்படி நினைத்தும் மேலே ஏறவில்லை. மேலே காலடிச் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் சேர்ந்து சரிவில் இறங்கினார்கள். மகளின் இடது கால் எங்கே ஊன்றுகிறது என்பதை மட்டும் பார்த்தேன்.

"தள்ளி நில்லும்மா! லேன்ல நிக்கிற!"

தள்ளி நின்றேன். என்னைத் தாண்டி மேலே ஏறிப் போனார்கள். அடுத்த சுற்று வரும்வரை அங்கேயே நின்றேன், அதற்கடுத்ததற்கும். ஏழாவதோ எட்டாவதோ சுற்றில் அவள் என்னைப் பார்க்கவே இல்லை. நான் நிற்பதையே மறந்துவிட்டாள்போல. பள்ளிக்கு நேரமாகிவிட்டது. மேலே வந்து பி.டி. மேடத்திடம், "பேரை வச்சுக்கங்க" என்றேன். "சரி மேடம்" என்றார். அவர் கண் ஓடுகிறவர்கள் மேலேயே இருந்தது.

போட்டி நடந்த ஊருக்கு நான் போகவில்லை. விடுப்பு கிடைத்திருக்கும், கேட்கவில்லை. போனால் ஒவ்வொரு வளைவிலும் நின்று அவளைத் தொந்தரவு செய்வேன் என்று எனக்கே தெரிந்திருந்தது. அன்று வகுப்பில் ஒரு கணக்கை இரண்டு முறை தப்பாகப் போட்டேன். பிள்ளைகள் திருத்தினார்கள். சாயங்காலம் அவளே போன் செய்தாள். தோழி மூன்றாவது, தான் ஆறாவது என்றாள். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "முதல்ல ஆறாவதுக்கு ஏதாவது சொல்லும்மா" என்றாள்.

இரவு பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தேன். கணவருக்கு அன்று நைட் ஷிஃப்ட். கல்லூரிப் பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். மகள் கடைசியாக, கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். நொண்டினாள். ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன்.

"ஒண்ணுமில்லைம்மா. புது ஷூ கடிச்சிடுச்சு. கொப்புளம்." ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலில் நடந்தாள். பையை நான் வாங்கிக்கொண்டேன். பாதி வழியில், "அடுத்த வருஷம் பத்தாயிரம் ஓடலாம்னு மேடம் சொல்றாங்க" என்றாள்.

"சரி" என்றேன்.

அவள் நின்றுவிட்டாள். "என்ன சொன்ன?"

"சரின்னு சொன்னேன். நட, காலையில ஸ்கூல் இருக்கு."

அவள் ஷூவைக் கைமாற்றிக்கொண்டு நடந்தாள். நான் ஓரடி பின்னால், அவளுடைய இடது காலைப் பார்த்துக்கொண்டே போனேன்.